நான் கழுவிவிட்ட படம்

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித் தொடங்க இன்றைக்குக் கை வரவில்லை. நீயும் நலமாக இல்லை, நானும் நலமாக இல்லை. நீயும் உன் அம்மாவும் மதராஸுக்குப் போய் இருபது நாளாகிறது. நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு உன் வலது நுரையீரலை முழுவதுமாக எடுத்துவிடப் போகிறார்கள். ‘கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி யாரும் தடுக்க வேண்டாம், இன்னொரு எக்ஸ்ரேவுக்கும் இன்னொரு ஊசிக்கும் என்னிடம் தெம்பு இல்லை’ என்று நீ எழுதிய கார்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன். தபாலை நம்பாமல் இன்று சாயங்கால ரயிலில் நானே கொண்டுவருகிறேன். நேரில் வருகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். உன்னிடம் நான் எப்போதும் சிலேட்டில்தான் பேசுகிறேன். சிலேட்டில் ஆறு வரி எழுதினால் இடம் தீர்ந்துவிடும், துடைக்க வேண்டும். இந்த விஷயத்தைத் துடைத்துத் துடைத்துச் சொல்ல என்னால் ஆகாது. ஒருமுறை துடைத்தால் மறுபடி எழுத எனக்குத் தைரியம் வராது.

கிளினிக் டார்க் ரூமில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவன், பகல் வெளிச்சத்தில் இந்த அறையை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. சுவரெல்லாம் டெவலப்பர் கறை. நேற்றுக் காலை இந்த அறையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. பல்லடத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்கள். பத்து நாளாக இருமல், மூச்சில் விசில் சத்தம். பெரிய டாக்டருக்குத் துணையாகப் போன மாதம் சேர்ந்த இளைய டாக்டரைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா, அவர் பார்த்தார். “ரெண்டு படம் எடுங்க. ஒண்ணு மூச்சை இழுத்தப்ப, ஒண்ணு மூச்சை விட்டப்ப,” என்றார். “விட்டப்ப எடுத்தா படம் கெட்டுப்போகுமுங்களே,” என்றேன். எனக்கே பாடம் நடத்துகிறானா என்று உள்ளுக்குள் எரிச்சல். “கெட்டாப் பரவாயில்லீங்க, எனக்கு அந்தப் படந்தான் வேணும்,” என்றார் சிரித்துக்கொண்டே.

முதல் படத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஃபிலிமை மருந்தில் போட்டு ஆட்டிக்கொண்டே சிவப்பு விளக்கில் பார்த்தேன். வலது பக்கம் கறுப்பாக, அகலமாக உப்பி நின்றது. இடது பக்கம் சுருங்கி வெளுத்திருந்தது. நடுவில் இருக்க வேண்டிய இருதயம் இடது பக்கமாகத் தள்ளப்பட்டுக் கிடந்தது. அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், கண்ணு. பதினான்கு வருடத்துக்கு முன்னால், இதே தொட்டியில், இதே விளக்கில். அது உன் படம்.

இளைய டாக்டர் என்னிடம் விளக்கம் சொன்னார். “உள்ள எதாச்சும் அடைச்சிருந்தா காத்து உள்ள போயிருமுங்க, வெளிய வராது. மூச்சை விட்டா நல்ல பக்கம் சுருங்கும், அடைச்ச பக்கம் அப்படியே நிக்கும். மூச்சை இழுத்துப் பிடிச்சு எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.” குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஒரு நிலக்கடலைப் பருப்பை எடுத்தார்களாம். இன்று காலை அந்தக் குழந்தை தன் அப்பன் தோளில் உட்கார்ந்து, கையில் பிஸ்கட்டோடு, டாக்டருக்கு நன்றி சொல்ல வந்தது. நான் டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உனக்குப் பொள்ளாச்சி ஞாபகம் இருக்கிறதா? அப்போது உனக்கு ஆறு வயது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. உனக்கு அம்மை போட்டு இறங்கியதும், உன்னை வெறும் வயிற்றோடு ஆனைமலைக்குக் கூட்டிப் போய் அம்மன் முன்னால் நிறுத்துவதாக உன் அம்மா நேர்ந்துகொண்டிருந்தாள். விடியற்காலையில் கோயம்புத்தூரில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சியில் இறங்கினால் சந்தை நாள். மாடும் ஆளுமாக ரோடே தெரியவில்லை, ஆனைமலை பஸ் வரவே இல்லை. உனக்குப் பசி. “சித்த நேரம் பொறுத்துக்க சாமி, கும்பிட்டுப்போட்டுச் சாப்புடலாம்,” என்று அம்மா சொல்லச் சொல்ல நீ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து அழுதாய். அவள் பூவும் எலுமிச்சம்பழமும் வாங்கப் போனாள். எனக்கு நேர்த்தி, விரதம் என்றாலே கொஞ்சம் ஏளனம் உண்டு, எக்ஸ்ரே மிஷினைத் தொட்டவன் என்ற திமிர். ஒரு கூடைக்காரியிடம் சீத்தாப்பழம் ஒன்றை வாங்கி, நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் பின்னால் உன்னைக் கூட்டிப் போய் உரித்துக் கொடுத்தேன். “அம்மா வர்றதுக்குள்ள முழுங்கிப்போடு. ஆருகிட்டயும் சொல்லப்படாது,” என்றேன்.

நீ அவசர அவசரமாக வாயை அடைத்தாய். அதற்குள் எங்கோ உன் அம்மாவின் சேலை தெரிந்தது. “சீக்கிரம், சீக்கிரம்,” என்றேன். உனக்குப் புரையேறியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, மூச்சு வராமல் என் வேட்டியைப் பிடித்தாய். முதுகில் ஓங்கித் தட்டினேன். பயங்கரமாக இருமினாய், பிறகு நின்றுவிட்டது. விதை வெளியே வந்ததா என்று நான் தரையில் தேடக்கூட இல்லை. உன் வாயைத் துடைத்து, தோலைக் காலால் தள்ளினேன். “என்னாச்சுங்க, பையன் ஏன் இப்படி இருமறான்?” என்று அம்மா ஓடிவந்தாள். “ஒண்ணுமில்ல, பஸ்ஸுப் பொகை,” என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் லேசாகக் கண்ணடித்தேன். அன்று உன்னை வெறும் வயிற்றுப் பிள்ளை என்றே நம்பி அம்மன் முன்னால் நிறுத்தி, அவள் கண்ணீர் விட்டுக் கும்பிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து உனக்கு இருமலும் விசிலும் வந்தது. பெரிய டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் ஃபிலிம் எல்லாம் கப்பலில் வர வேண்டும், ஒரு பெட்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபிலிமைக் கெடுக்கிறவனை மற்ற கிளினிக்குகளில் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். என்னை மட்டும் யாரும் திட்டியதில்லை. ஒரு ஃபிலிம்கூட வீணாக்காதவன் என்று ஊரில் எனக்குப் பெயர், அந்தப் பெயரை நான் தலையில் கிரீடம் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். உன்னை நிறுத்தி, “மூச்சை இழு, பிடி,” என்றேன். நான் ஸ்விட்சை அழுத்தின நேரத்தில் நீ அழுதுகொண்டே மூச்சை விட்டுவிட்டாய். டெவலப் செய்து பார்த்தால் அந்தக் கோணல் படம். நீ சாய்ந்து நின்றிருக்கிறாய், படம் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். சொந்தப் பிள்ளையின் படத்தையே கெடுத்தான் என்று பெயர் வருமே என்று அதை டாக்டர் கண்ணில் காட்டவில்லை. இன்னொன்று எடுத்தேன். இந்த முறை நீ மூச்சை அழகாகப் பிடித்தாய். படம் சுத்தமாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, சளி என்றார்.

டாக்டரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவர் கேட்கத்தான் செய்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டே, “ஏனப்பா, பையன் எதையாச்சும் முழுங்கிப்போட்டானா?” என்று கேட்டார். உன் அம்மா பக்கத்தில் நின்றாள். நீ மேஜைமேல் உட்கார்ந்திருந்தாய். பதில் சொல்லும் முன்னால் நீ என் முகத்தைப் பார்த்தாய், பொள்ளாச்சியில் பார்த்தாயே அதே பார்வை. நான் “இல்லீங்க,” என்றேன். என் பேச்சைக் காப்பாற்றி, ஆறு வயதுப் பிள்ளை நீயும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு சொல்லை என்னால் திரும்ப எடுக்க முடிந்தால் என் இரண்டு கையையும் கொடுப்பேன்.

அடுத்த படத்தில் வலது பக்கம் அடியில் வெள்ளையாக நிழல் விழுந்திருந்தது. காய்ச்சல் விடவில்லை, நீ எலும்பாகிப் போனாய். அந்த நிழலுக்கு அன்றைக்கு ஒரே பெயர்தான், டி.பி. தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. எத்தனை மாதம் என்று நான் எழுத வேண்டியதில்லை, உன் இடுப்பில் தொட்டுப் பார்த்தால் இன்னும் கட்டி இருக்கிறது. ஊசி குத்தும்போது உன் காலை அழுத்திப் பிடித்தவன் நான்தான். ஒருநாள் மறுபடி படம் எடுக்க உன்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, ஸ்விட்ச் பக்கத்திலிருந்து, “மூச்சை இழு,” என்றேன். நீ அசையவில்லை. கத்தினேன். நீ பாட்டுக்குச் சுவரில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாய். அந்த ஊசி உன் காதைத் தின்றுவிட்டதை நான் கண்டுபிடித்தது அப்படித்தான். உன் அம்மா ஒரு வாரம் நம்பவில்லை. உன் பின்னால் நின்றுகொண்டு, “கண்ணு, கண்ணு, அம்மாவப் பாரு சாமி,” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம் நாம் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். முதுகில் ஒரு தட்டு தட்டினால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு தட்டினால் விடலாம். ஒரு தட்டு தட்டிவிட்டு மூன்றே எட்டில் ஓடிப் போய் ஸ்விட்சை அழுத்துவேன். பதினான்கு வருடத்தில் உன் நெஞ்சை எத்தனை படம் எடுத்தேன்! ஒவ்வொன்றும் மூச்சைப் பிடித்த படம். ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. காய்ச்சல் போகும், வரும். இருமல் போகும், வரும். பீளமேட்டுப் பட்டறையில் நீ ஃபிட்டராகச் சேர்ந்து, மோட்டாரைக் கையால் தொட்டே எங்கே கோளாறு என்று சொல்கிறவன் என்று பேர் வாங்கினாய். நோய் ஆறிவிட்டது என்று நானும் நம்ப ஆசைப்பட்டேன். இந்த வருடம் ரத்தம் வந்தது. மதராஸில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை வளர்ந்து அடைத்திருக்கிறது என்றார்கள். அந்தச் சதைக்குக் கீழே என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சீத்தாப்பழ விதை எந்தப் படத்திலும் தெரியாது. அது அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்த ஒரே படத்தை நான் வைத்திருக்கவில்லை.

அந்தப் படத்தை என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கெட்டுப்போன ஃபிலிமை நாங்கள் யாரும் வெளியே போடமாட்டோம். கொதிக்கிற சோடாத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் கறுப்பெல்லாம் கரைந்து ஓடி, கண்ணாடி மாதிரித் தகடு மிஞ்சும். ஜன்னலுக்கு ஒட்டுவோம், புத்தகத்துக்கு அட்டை போடுவோம். உன் படத்தை அன்றைக்கே கழுவினேன். நம் வீட்டு அம்மன் படத்தில் கண்ணாடி உடைந்திருந்தது. உன் அம்மா அந்தத் தகட்டைக் கத்தரித்து அதில் பொருத்தினாள். “லேசா நீலமா இருக்குது, அம்மன் மொகத்துக்கு நல்லாத்தான் இருக்குதுங்க,” என்றாள். பதினான்கு வருடமாக அதற்கு முன்னால்தான் விளக்கேற்றி, நேர்த்தியில் நான்தான் ஏதோ குறை வைத்துவிட்டேன், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு என்று மன்றாடுகிறாள். ஆடிக்கு ஆடி ஆனைமலைக்குப் போய் மண்சோறு சாப்பிட்டாள். வெறும் தரையில் சோற்றைக் கொட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாடு மாதிரிக் குனிந்து வாயால் எடுத்து அவள் தின்னும்போது, நான் பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். குறை வைத்தது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு வருடமும், பஸ்ஸில் திரும்பும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பொள்ளாச்சி தாண்டினதும் அந்த நினைப்பும் போய்விடும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் அப்பன் என்ற முறையில் ஒன்றே ஒன்று. பட்டறையில் ஒரு வேலை உன் கையில் கெட்டுப்போனால், அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரி முன்னால் வை. திட்டட்டும், பேர் போகட்டும். கெட்டது என்று நீ நினைக்கிறதில் என்ன இருக்கிறது என்று அடுத்தவன் கண்ணுக்குத் தெரியலாம். நான் நல்ல வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டே உன்னைக் கெடுத்தவன்.

இன்று காலை இளைய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசினேன். “அந்தப் படம் இருக்குதுங்களா?” என்று கேட்டார். “கழுவிப்போட்டனுங்க,” என்றேன். அவர் பேனாவை எடுத்தார். பிறகு மதராஸ் டாக்டருக்குத் தந்தி எழுதிக் கொடுத்தார், அடித்துவிட்டேன், இன்னும் பதில் இல்லை. ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார், அது இந்தத் தாள்களோடு இருக்கிறது. “விதைன்னு சொன்னா அவங்க அந்தச் சதைக்கு அடியில மறுபடி பார்ப்பாங்க. இருந்தா எடுத்துப்போடலாம். கீழ்ப்பாகம் அழுகியிருந்தாலும் அதை மட்டும் வெட்டி மேலே இருக்கறதைக் காப்பாத்த வழி இருக்குதுங்க. நான் சத்தியம் பண்ண முடியாது,” என்றார். நானும் உனக்குச் சத்தியம் பண்ண முடியாது. பதினான்கு வருடத்தில் அது என்னவாகியிருக்கிறதோ தெரியாது. ஆனால் பார்க்காமலே உன் நெஞ்சில் பாதியைத் தூக்கிப் போட விடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ களைத்துப் போய்விட்டாய் என்று எனக்குத் தெரியும். எக்ஸ்ரே என்ற சொல்லே உனக்கு வெறுத்துவிட்டது. என்மேல் உனக்கு இப்போது வரப்போகும் கோபத்தில் இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டால்கூட எனக்குச் சம்மதம். டாக்டர் கடிதத்தை மட்டும் கிழிக்காதே. அதை எடுத்துக்கொண்டு போய் அங்கே இருக்கிற டாக்டர் கையில் கொடுத்து, “எனக்கு ஆறு வயசுல சீத்தாப்பழ விதை பொரையேறுச்சு, எங்கப்பன் மறைச்சுப்போட்டான்,” என்று உன் வாயால் சொல். மேல்பாகத்தில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று பார்க்க ஒரு படம் கேட்பார்கள், மூச்சை விட்ட படம். அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவர் காலில் விழுந்தாவது உன் பின்னால் நிற்க நான் அனுமதி வாங்குவேன். முதுகில் இரண்டு தட்டு தட்டுவேன். மூச்சு முழுவதையும் விட்டுவிடு கண்ணு. பதினான்கு வருடமாக உன்னைப் பிடிக்கச் சொன்னேன்.

இன்னும் ஒரே ஒரு காரியம். நாளைக் காலையில் இதை உன் கையில் கொடுத்துவிட்டு நான் வார்டுக்கு வெளியே வராந்தாவில் போய் நின்றுகொள்வேன். நீ முதலில் மனதுக்குள் படி. பிறகு உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலிலிருந்து படித்துச் சொல். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் யோக்கியதை இல்லை. பொள்ளாச்சியையும், டாக்டர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலையும், அம்மன் படத்துத் தகட்டையும் விட்டுவிட்டுப் படிக்காதே. அவளுக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து என்னைக் காப்பாற்றிவிடாதே. நேர்த்தியில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

எப்போதும் போல உரக்கப் படி. உன் குரல் உனக்குக் கேட்காது. வராந்தாவில் நிற்கிற எனக்குக் கேட்கும்.

உன் அப்பன்.